கீழ்த்தாடை, இடப்பக்கம்

1. கரியும் உப்பும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வேலை பாழானது.

எழுபத்தெட்டாம் ஆண்டின் தொடக்கம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிடத் தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. ஈறு நோயைப் பற்றி ஆராய வந்திருந்த ஒரு பல் டாக்டருக்கு நான் ஆய்வுகூட உதவியாளன். உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எடுத்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் இரண்டு வருடம் சும்மா இருந்தவன். மூன்று மொழியும் பேசுவேன் என்பதற்காக எடுத்தார்கள். டாக்டர் சிங்களவர். தமிழில் அவருக்கு ‘வாயைத் திற’, ‘துப்பு’ என்ற இரண்டு மட்டும் தெரியும். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் அவரைப் பெரிய டாக்டர் என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று நாற்பது பேரின் பற்களுக்கும் ஈறுகளுக்கும் நடுவே படிந்திருக்கும் மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதை நாங்கள் பிளாக் என்போம். நாற்பது சிறிய போத்தல்களில் இலக்கம் எழுதி ஒட்டி, இரண்டு தரம் எண்ணி, பெட்டியில் அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவின் விறாந்தையில் நாற்காலி போட்டார்கள். முதல் ஆள் வாயைத் திறந்தார். பல் பளிச்சென்று இருந்தது, ஈறு உரிந்து இரத்தம் கசிந்தது. இரண்டாவது ஆளும் அப்படியே. ஒன்பதாவது ஆள் வந்தபோது டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

விசாரித்ததில் தெரிந்தது இது. முந்தின நாள் மாலை சுப்பையா கங்காணி லயம் லயமாகப் போய், நாளைக்கு டாக்டர் தொரை வாயைப் பார்க்க வருகிறார், நாற்றத்தோடு ஒருவரும் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். விடியற்காலையிலேயே நாற்பது பேரும் கரியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சிலர் செங்கல் தூள் போட்டு. நாற்பது போத்தலில் முப்பத்தெட்டு வெறுமையாகத் திரும்பின.

கங்காணி பெருமையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். “எப்படிங்க ஐயா, எல்லார் வாயும் கண்ணாடி மாதிரி இருக்குல்ல?”

அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்தார். பிறகு, அடுத்த முறை மூன்று நாள் பல் தேய்க்காமல் வரச் சொல் என்றார். நான் நாற்பது பேருக்கு முன்னால் நின்று அதைச் சொன்னேன். தோட்டத்தில் பிறந்தவன், லயத்து ஆட்களைப் பார்த்து, பல் தேய்க்காதீர்கள் என்று சொன்னேன்.

கூட்டத்தில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். “சுத்தமா இருங்கன்னு சொல்ற டாக்டருங்கள பாத்திருக்கோம். அழுக்கோட வாங்கன்னு சொல்றவர இப்பதான் பாக்கிறோம்.”

அவள்தான் மூக்காயி. கொழுந்து எடுப்பவள். வயது முப்பத்தொன்று, வாயில் பல் முப்பது. என் தகப்பனும் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும் ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் ‘மாத்தயா’வை விட்டுவிட்டு ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். எல்லாரும் போன பிறகு தனியாக வந்தாள்.

“எங்கம்மாவுக்கு நாப்பது வயசுல ஒரு பல்லு இல்லீங்க தம்பி. ரொட்டிய தேத்தண்ணியில ஊறப் போட்டுத்தான் திங்கும். எனக்கும் மேல ரெண்டு ஆடுது. நானும் அப்படி ஆயிருவேனோன்னு பயமா இருக்கு. இவரு ஏதாவது செய்வாரா?”

டாக்டரிடம் கேட்டேன். கடைசி வரை ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்குத் தன் கையாலேயே ஈறுக்குக் கீழே வரை சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். அதற்காகத்தான் அவள் ஆராய்ச்சிக்கு வந்தாள். அந்தப் பற்கள் அவளுக்கு வேண்டியிருந்தன.

2. குழாய்க்குள் நடந்தது

எங்கள் ஆய்வுகூடம் ஹட்டன் டவுனில் ஒரு வாடகை வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறை. ஈறுக்குள் வாழும் கிருமிகளில் பலவற்றுக்குக் காற்றுப் பட்டால் சாவு. அதனால் காற்றை வெளியேற்றிய ஜாடிகளில் வளர்ப்போம். ஜாடியைத் திறக்கும்போது வரும் நாற்றத்தை எழுத எனக்குத் தமிழும் போதாது, சிங்களமும் போதாது. வீட்டுக்காரம்மா ஒரு நாளைக்கு மூன்று வேளை சாம்பிராணி போட்டார். எலி செத்த வீடு கூட இப்படி நாறாது என்று வாசலில் போகிறவர்களிடமெல்லாம் எங்களைப் பற்றிச் சொல்வார்.

என் வேலை கலக்குவது. ஒரு கிருமியை உப்புநீரில் கலந்தால் நீர்த்த பால் போல் கலங்கி நிற்கும். இன்னொரு கிருமியை இன்னொரு குழாயில் அதேபோல் கலக்க வேண்டும். இரண்டிலும் சம அளவு எடுத்து மூன்றாவது குழாயில் விட்டு, பத்து விநாடி குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றையொன்று விரும்பாதவை என்றால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே கலங்கல். அதற்குப் புள்ளி சுழியம். சில ஜோடிகள் மெல்லிய பொடி போலத் திரளும், அது ஒன்று. சில ஜோடிகள் குலுக்கி முடிப்பதற்குள் தயிர் உடைந்ததுபோல் கட்டி கட்டியாகி அடியில் இறங்கிவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அதற்கு நான்கு. டாக்டர் இதைக் கோஅக்ரிகேஷன் என்பார். நாங்கள் ‘கட்டி பிடிக்குது’ என்போம்.

எல்லாக் கிருமியும் எல்லாவற்றோடும் ஒட்டாது. அதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. சில கிருமிகளால் பல்லில் நேராக ஒட்ட முடியும். அவை முதலில் வந்து உட்காரும். ஈறைக் கெடுக்கும் கிருமிகளில் பலவற்றுக்குப் பல்லில் அவ்வளவாகப் பிடிமானம் கிடையாது. அவை முன்பே உட்கார்ந்திருப்பவற்றைப் பிடித்துக் கொள்ளும். நடுவே நீளமாய் இரண்டு நுனியும் கூர்ந்த ஒரு கிருமி உண்டு. அது முதலில் வந்ததையும் பிடிக்கும், கடைசியில் வருவதையும் பிடிக்கும். அது வந்துவிட்டால் பின்னால் வருபவை எல்லாம் வந்து தொற்றிக் கொள்ளும். சில ஜோடிகளைப் பால் சர்க்கரைக் கரைசல் விட்டுப் பிரிக்கலாம். கட்டி கரைந்து மறுபடி கலங்கல் ஆகிவிடும். சில எதற்கும் பிரியாது. ஆனால் வாயில் இருக்கும்போது எல்லாவற்றையும் பிரிக்க ஒரே வழி தேய்ப்பது, சுரண்டுவது. கொப்பளித்தால் போகாது. இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் அன்று அந்த மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டான். ஒரு நாளைக்கு அறுபது குழாய் பார்ப்பேன்.

இரண்டாம் முறை போய் எடுத்த மாதிரிகளில் மூக்காயியின் இலக்கம் ஏழு. ஏழாம் இலக்கத்தின் நீளக் கிருமியையும், ஈறைக் கெடுப்பவற்றில் ஒன்றான, இரத்தம் சேர்த்த தட்டில் கறுப்பாக வளரும் கிருமியையும் கலந்தேன். ஆறு வரை எண்ணுவதற்குள் கட்டி பிடித்து இறங்கியது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்பது பேரிலும் இதுபோல் வேறில்லை என்றார். அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனபோது எல்லார் முன்னிலையிலும் அவளைச் சுட்டிக்காட்டி, இந்த அம்மாவின் வாய்தான் எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து மலையில் அவளுக்கு ‘ஆஸ்பத்திரி வாய்’ என்று பட்டப்பெயர். அவளும் சளைக்கவில்லை. ஒங்க வாய எவனும் கேக்கலியே என்று திருப்பிக் கொடுப்பாளாம்.

பிறகு பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்தோம். முதலில் சோதனைக்கு உரிய பற்களை டாக்டர் சுத்தம் செய்தார். அதற்குப் பிறகு கீழ்த்தாடையில் இடப்பக்கத்துக் கடைசி ஆறு பற்களை மட்டும் மூன்று வாரம் தொடக்கூடாது. கரி, உப்பு, பிரஷ், குச்சி, விரல் எதுவும் ஆகாது. மற்றப் பற்களைத் தேய்க்கலாம். யார் முதலில் வந்து ஒட்டுகிறார்கள், யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று வாரா வாரம் பார்ப்பதற்கு. மூக்காயியின் அட்டையில் நான் என் கையால் எழுதினேன்: கீழ் இடம், பல் ஆறு, அசைவு சுழியம். ஆட்டம் கண்டிருந்த இரண்டும் மேல்தாடையில். கீழே ஆறும் அன்று ஆணி அடித்ததுபோல் இருந்தன.

“நாங்க சொல்ற வரைக்கும் அந்தப் பக்கத்தத் தொடக்கூடாதுக்கா” என்று சொன்னேன். மூன்று வாரம் என்றும் சொன்னேன்தான். ஆனால் அழுத்திச் சொன்னது முதலில் சொன்னதை.

பத்தாம் நாளே அவளுடைய ஈறு சிவந்து வீங்கியது. வெற்றிலையை வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். தொடக்க நாளையும் சேர்த்து ஆளுக்கு நான்காக, மூன்று வாரத்தில் நாற்பத்தெட்டு மாதிரிகள் எடுத்தோம். ஒன்றுகூடக் கெடவில்லை.

3. பன்னிரண்டு குரல்

மூன்றாம் வாரம் முடிந்த அன்று பெரிய டாக்டருக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு. கிருமிக் குழாய்களை ஐஸில் அடைத்து எடுத்துக்கொண்டு நான்கு நாளில் போக வேண்டும். ஆட்களுக்குச் சுத்தம் செய்து கொடுப்பதை ஒரு மாதம் தள்ளி வைத்தார். திரும்பி வந்து தானே செய்வதாகச் சொன்னார். பொய் சொல்ல நினைத்துச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் இனிப் பல் தேய்க்கலாம் என்று போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மழைத் தூறல். கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டிலுள்ள பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும், மலைக்கு அனுப்புமுன் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். கடதாசியை எடுத்துப் பன்னிரண்டு பெயரையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் “இருக்கேங்க” என்று குரல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். கீழே ‘12/12’ என்று எழுதிக் கோடு போட்டேன். இன்றையிலிருந்து எல்லாப் பக்கமும் தேய்க்கலாம், டாக்டர் வந்து சுத்தம் செய்வார் என்று சொன்னேன். திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பெரட்டில் ஒருவர் பிந்திவிட்டால், அல்லது வராவிட்டால், சொந்தக்காரர் ஒருவர் அவருக்காகக் குரல் கொடுப்பது தோட்டத்தில் உள்ள வழக்கம். அன்றைய பெயரும் கூலியும் போய்விடக்கூடாது என்பதற்காக. குனிந்தபடி பெயர் வாசிக்கும் கணக்கப்பிள்ளைமாருக்குப் பாதி நேரம் தெரியாது, தெரிந்தாலும் சிலர் விட்டுவிடுவார்கள். என் தாய்க்காக வேறு பெண்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். நான் வெளியூர்க்காரன் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடதாசி நனையாமல் பிடிப்பதிலேயே என் கவனம் இருந்தது. பன்னிரண்டு குரலை எண்ணினேன். பன்னிரண்டு முகத்தைப் பார்க்கவில்லை.

மூக்காயி அன்று தலவாக்கலையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணிக்குப் பிரசவம். அவளுடைய பெயருக்குக் குரல் கொடுத்தது நாத்தனார் ராசம்மா.

பெரிய டாக்டர் ஒரு மாதத்தில் வரவில்லை. நான் ஐந்து கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. குழாய்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தன, ஏழாம் இலக்கம் அங்கேயும் அற்புதமாகக் கட்டி பிடிக்கிறது, உன் வேலை சுத்தமான வேலை என்று எழுதியிருந்தார். சுத்தம் செய்து கொடுப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான்கு மாதத்தில் ஹட்டன் அறைகளைப் பூட்டினார்கள். வீட்டுக்காரம்மா அன்று கடைசியாக ஒரு முறை சாம்பிராணி போட்டார்.

4. எனாமல் தட்டு

பிறகு எனக்கு ஒரு டவுன் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்தது. கருவிகளை அவிப்பது, தட்டைப் பிடிப்பது, தமிழ் ஆட்கள் சொல்வதை டாக்டரம்மாவுக்குச் சிங்களத்தில் சொல்வது. ஒரு புதன்கிழமை வரிசையில் பதினேழாவது ஆளாக மூக்காயி வந்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் கடைசி மாதிரி எடுத்து முப்பத்தொரு மாதம் ஆகியிருந்தது. கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“தம்பி இங்கதான் இருக்கீங்களா. பெரிய டாக்டரும் வந்துட்டாரா?”

வாயைத் திறந்தாள். வலப்பக்கம் தேய்த்த பல். இடப்பக்கம் கீழே ஆறு பல்லையும் காணவில்லை. அவற்றை மூடி மஞ்சளும் கறுப்புமாய்க் கல் போல் ஒரு திரள்தான் தெரிந்தது. ஈறு கீழே இறங்கி ஓரத்தில் சீழ் வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா விரல் வைத்ததும் ஒன்று சாய்ந்தது. நான் ஜன்னல் வெளிச்சத்தில் ஆறு எண்ணுவதற்குள் பார்த்தது இவள் வாயில் முப்பத்தொரு மாதமாக நடந்திருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் எப்படி இப்படி ஆனது என்று டாக்டரம்மா கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கள்ல. நீங்க சொன்ன மாதிரியே வச்சிருக்கேன் தம்பி. மத்தவங்கள நிப்பாட்டியாச்சுன்னு ராசம்மா சொன்னா. அது உங்களுக்குடி, என் வாயி முக்கியம்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு, என்னைய வேணும்னுதான் வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன். வலி வந்தப்பக்கூட விரல் வைக்கல.”

என்ன சொல்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். தேய்க்கக்கூடாது என்று யாரோ சொன்னார்களாம் என்றேன். எந்த மடையன் சொன்னான், கேள் என்றார்.

நான் கேட்கவில்லை. மூக்காயியைப் பார்த்து, வலிக்குதாக்கா என்று கேட்டேன். கொஞ்சம் வலிக்குது என்றாள். டாக்டரம்மாவிடம் திரும்பி, தோட்டத்தில் யாரோ ஒரு ஆள், பெயர் தெரியாதாம் என்றேன். இரண்டு மொழி தெரிந்தவன் ஒருவன்தான் அந்த அறையில் இருந்தான். அதனால் அது அப்படியே நின்றது.

அன்று நான்கு பல் எடுத்தார்கள். அடுத்த மாதம் ஒன்று. ஆறில் கோரைப் பல் மட்டும் மிஞ்சியது. முன்பே ஈறு நோய் உள்ளவள், தேய்த்திருந்தாலும் ஒன்றிரண்டு போயிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் வலப்பக்கத்து ஆறும் அப்படியே இருந்தன. எனாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பஞ்சைக் கடித்தபடி அவள் தட்டை எட்டிப் பார்த்தாள். பெரிய டாக்டருக்கு இதை அனுப்ப வேண்டுமா என்று சைகையால் கேட்டாள். தலையை ஆட்டினேன். ஆம் என்று எடுத்துக்கொண்டாளா, இல்லை என்று எடுத்துக்கொண்டாளா, தெரியாது.

5. ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு அவளுடைய லயத்துக்குப் போனேன். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆராய்ச்சி மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது, டாக்டர் போய்விட்டார், இனி வரமாட்டார். பெரட்டில் உங்கள் பெயருக்கு வேறு குரல் வந்தது, நான் நிமிர்ந்து பார்க்காமல் சரி போட்டேன் என்றேன்.

முதலில் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாமல் மேலே வேறு ஏற்பாடு இருக்கும் என்றாள். சின்ன வேலையில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் சொல்வார்களா என்றாள். அப்படி ஒன்றும் இல்லைக்கா என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு அவள் நாக்கால் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது கன்னத்தில் தெரிந்தது.

“அப்ப இவ்வளவு நாளா யாருக்காக வச்சிருந்தேன்?”

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் வாசல் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“தம்பி, இத யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. நான் லயம் பூரா பெருமை அடிச்சு வச்சிருக்கேன். தெரிஞ்சா சிரிப்பாங்க.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு எனக்கும் வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். டாக்டரம்மாவுக்கு நான் சொன்ன பொய்க்கு அதன்பிறகு காவல் வந்துவிட்டது. அவளுடைய வெட்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். மூக்காயி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ராசம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அவளுடைய அந்தப் பெருமையை நினைவில் வைத்துச் சிரிக்க இனி அங்கே ஆள் இல்லை. அதனால் எழுதினேன்.

ஆய்வுகூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். குழாயை எண்ணினோம், பல்லை எண்ணினோம், நாட்களை எண்ணினோம். எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலை சரி என்று நினைத்தோம். ஒரு மனிதரின் உடம்பில் இதைச் செய், அல்லது செய்யாதே என்று நீங்கள் சொன்னால், அதை நிறுத்துவதற்கும் நீங்களே போங்கள். பெயரை வாசிக்காதீர்கள். வீட்டு வாசலுக்குப் போய், அந்த ஆள் வரும்வரை நில்லுங்கள். அவர் ஊரில் இல்லை என்றால் மறுநாளும் போங்கள். அன்று நான் விட்டுவிட்டு வந்த களத்திலிருந்து மூக்காயியின் லயம் இருநூறு அடி தூரத்தில் இருந்தது. அடுத்த பஸ் நாற்பது நிமிடத்தில் வந்திருக்கும்.